நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால்: கீரனூரிலிருந்து காரைக்குடி வரை நான்கு நாள் சைக்கிளில்

திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு நார்த்தாமலை என்பது வலப்பக்கம் ஒரு நிமிடம் தெரிந்து மறையும் மொட்டைப் பாறை. அந்தப் பாறையின் முதுகில் தஞ்சைப் பெரிய கோயிலைவிட மூத்த கற்கோயில் ஒன்று இருக்கிறது. காரில் போகும்போது அது கண்ணில் படாது. பட்டாலும் நிறுத்த மனம் வராது. சைக்கிளில் போகிறவருக்கு அந்த மலை ஒரு மணி நேரம் கூடவே வரும். முதலில் வடக்குச் சரிவு தெரியும், அப்புறம் கண்மாய்த் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும், அப்புறம் காலடிக்கே வந்துவிடும்.

புதுக்கோட்டை மாவட்டத்தின் வடக்கிலிருந்து தெற்கே செட்டிநாடு வரை ஊர்ச் சாலைகளிலேயே எப்படிப் போவது என்பதைத்தான் இதில் எழுதியிருக்கிறேன். ஒரு நாளுக்கு 30 முதல் 50 கிலோமீட்டர். இதைவிட வேகமாகப் போக விரும்புகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை உதவாது. குத்திட்ட ஏற்றம் எங்கும் இல்லை. லேசாக ஏறி லேசாக இறங்கும் செம்மண், சுக்காம்பாறை நிலம். வாரம் இரண்டு முறை வண்டி ஓட்டுகிற யாரும் போய் வரலாம்.

முதலில் சாலை, அப்புறம்தான் இடம்

பெரும்பாலோர் பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியல் போட்டுவிட்டு, அவற்றை இணைக்கும் வழியை போனிடம் கேட்கிறார்கள். போன் நெடுஞ்சாலையைக் காட்டும். டிப்பர் லாரிகளுக்கு நடுவே மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டிவிட்டு, "தமிழ்நாட்டில் சைக்கிள் பயணம் எல்லாம் சரிப்படாது" என்று திரும்பி வருவார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் வந்தேன்.

இந்தப் பகுதியில் அமைதியான சாலை எது என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. கண்மாயைத் தேடுங்கள். புதுக்கோட்டைச் சீமையில் வற்றாத பெரிய ஆறு கிடையாது. மழைத் தண்ணீரைத் தேக்கித்தான் விவசாயம். அதனால் திரும்பிய பக்கமெல்லாம் கண்மாய், ஏந்தல், ஊருணி, குளம். பழைய ஊர்கள் எல்லாம் இவற்றின் கரையில்தான் உட்கார்ந்திருக்கின்றன. ஊருக்கு ஊர் போகிற பழைய பாதை ஒரு கண்மாய்க் கரையில் ஏறி அடுத்த கண்மாய்க் கரையில் இறங்கும். நெடுஞ்சாலை போட்டவர்கள் நேர்கோடு தேடியதால் இந்தப் பாதைகளை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நமக்கு நல்லதாகப் போயிற்று.

போன் வரைபடத்தைச் செயற்கைக்கோள் காட்சிக்கு மாற்றுங்கள். கண்மாய்கள் பிறை வடிவில் தெரியும். வளைந்த பக்கம்தான் கரை. அதை ஒட்டி ஒரு மெல்லிய சாம்பல் கோடு போனால் அது தார்ச்சாலை, பழுப்புக் கோடு போனால் மண்பாதை. சாம்பல் கோடுகளை ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டே வந்தால் பாதி வழி கிடைத்துவிடும். மீதிக்கு இந்த மூன்றையும் பாருங்கள்.

மினிபஸ் ஓடுகிற சாலை நல்ல சாலை. அது தார் போட்டதாக இருக்கும், ஆனால் இரண்டு பெரிய வண்டிகள் எதிரெதிரே வர முடியாத அளவுக்குக் குறுகியதாக இருக்கும். ஒரு மணி நேரத்தில் உங்களைத் தாண்டிப் போவது இரண்டு டூவீலரும் ஒரு டிராக்டரும்தான்.

ஓரத்துச் செடிகள் கல்தூசியால் வெளுத்துக் கிடந்தால் திரும்பிவிடுங்கள். அது கல் குவாரிக்கும் கிரஷருக்கும் போகிற சாலை. நார்த்தாமலையைச் சுற்றி இவை நிறைய. ஆவாரஞ்செடி இலை பச்சையாகத் தெரிகிறதா, மாவு பூசினாற்போல் தெரிகிறதா என்று பார்த்தாலே போதும்.

மூன்றாவது, கேட்பது. மூன்று பேரிடம் கேளுங்கள். இங்கே வழியைத் திசை வைத்துத்தான் சொல்வார்கள். "மேக்கால போயி, கலுங்குகிட்ட தெக்கால திரும்புங்க தம்பி" என்பார்கள். கலுங்கு என்பது கலிங்கு, கண்மாய் நிரம்பி வழியும் இடம். கையைக் காட்டிச் சொன்னால் சோத்தாங்கை, பீச்சாங்கை. காலையில் சூரியன் எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். "இந்தா, கிட்டத்தான்" என்பது ஒரு கிலோமீட்டராகவும் இருக்கலாம், ஐந்தாகவும் இருக்கலாம். "சைக்கிள்ல போற ரோடு எது?" என்று கேட்காமல் "நீங்க முன்னாடி சைக்கிள்ல எந்த வழியாப் போவீங்க?" என்று கேட்டால் சரியான பதில் வரும். முதல் கேள்விக்கு எல்லோரும் மெயின் ரோட்டைத்தான் காட்டுவார்கள், நம் மேல் உள்ள அக்கறையில்.

அந்த இரண்டாவது கேள்வியை ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இந்த மாவட்டத்தில் எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அப்போது ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது பலர் ஆண்கள் ஓட்டும் பார் வைத்த வண்டியையே வாங்கினார்கள். முன்னால் இருக்கும் பாரில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம் இல்லையா. இந்த ஊர்ச் சாலைகள் அவர்களுக்கு அத்துப்படி. ஒரு டீக்கடையில் என் வண்டியின் ஹேண்டிலைப் பிடித்துப் பார்த்த ஒரு அக்கா, "கேரியர்கூட இல்லாம என்னத்த சைக்கிளு" என்று சிரித்தார். அடுத்த பயணத்துக்குக் கேரியர் போட்டுக்கொண்டேன்.

எப்போது, எந்தத் திசையில்

மார்கழி நடுவிலிருந்து மாசி முடிய. இங்கே ஐப்பசி, கார்த்திகையில்தான் மழை அதிகம் கொட்டும். அது முடிந்த கையோடு போனால் கண்மாய்கள் நிரம்பியிருக்கும், வயல் பச்சையாக இருக்கும். மழைக்காலத்தில் போனால் கலிங்கு வழிந்து தரைப்பாலங்களில் தண்ணீர் ஓடும். முழங்காலுக்குக் கீழேதானே என்று இறங்காதீர்கள். பாசி வழுக்கும். சித்திரை, வைகாசி வேண்டவே வேண்டாம்.

வடக்கிலிருந்து தெற்கே போகச் சொல்வதற்குக் காரணம் காற்று. மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று முதுகைத் தள்ளும். இதே வழியைக் காரைக்குடியிலிருந்து தொடங்கினால் நான்கு நாளும் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும். ஆடியில் வருகிறவர்களுக்குக் கணக்கு வேறு: அடிப்பது மேல்காற்று, காலையில் அடங்கி மதியத்தில் வலுக்கும். மேற்கே போக வேண்டிய தூரத்தை விடியற்காலையிலேயே முடித்துவிட வேண்டும்.

தை மாதத்தில் இரண்டு விஷயம் கவனிக்கவும். ஒன்று ஜல்லிக்கட்டு. இந்த மாவட்டத்தில் வாடிவாசல்கள் அதிகம். மார்கழியிலேயே தச்சங்குறிச்சியில் தொடங்கி, தையில் ஊர் ஊராக நடக்கும். அந்தந்த நாளில் அந்தந்த ஊரைச் சுற்றிய சாலைகள் காளை ஏற்றிய வண்டிகளால் நிறைந்துவிடும். பார்க்கப் போகிறீர்கள் என்றால் சரி, இல்லையென்றால் சுற்றிப் போங்கள். இன்னொன்று அறுவடை. கதிரையும் வைக்கோலையும் சாலையிலேயே பரப்பியிருப்பார்கள். கார் ஏறினால் அவர்களுக்கு லாபம், சைக்கிள் ஏறினால் நமக்கு நஷ்டம். வைக்கோல் சங்கிலிக்குள் சுற்றிக்கொண்டு கியரை முறுக்கிவிடும். இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். நெல் காயப்போட்டிருந்தால் ஓரமாக, குவியலைக் கலைக்காமல்.

வண்டி, முள், பஞ்சர்

எந்த சைக்கிளும் போதும். கியர் இல்லாத பழைய வண்டியிலும் இந்த வழியை முடிக்கலாம். டயர் மட்டும் ஒல்லியாக இருக்கக் கூடாது. 35 மில்லிமீட்டருக்குக் குறையாமல் போடுங்கள். கல் பெயர்ந்த தார்ச்சாலையும் செம்மண் கரையும் மாறி மாறி வரும்.

உண்மையான எதிரி சீமைக் கருவேல முள். கண்மாய்க்குள்ளும் கரையிலும் அதுதான் காடு. வெட்டிய கிளைகளை ஆட்டுப் பட்டிக்கு வேலி அடைக்க இழுத்துப் போவார்கள். போன வழியெல்லாம் முள் சிந்தும். விரல் நீளம் இருக்கும், காய்ந்தால் ஆணிதான். இந்த முள் குத்தினால் வெளியிலிருந்து பிடுங்காதீர்கள். தலை ஒடிந்து பாதி முள் டயருக்குள்ளேயே நின்றுவிடும். ட்யூபுக்கு ஒட்டுப் போட்டு மாட்டினால் அரை கிலோமீட்டரில் அதே இடத்தில் மறுபடியும் காற்று இறங்கும். டயரை ஒரு பக்கம் கழற்றி, ஒரு துணியைக் கையில் சுற்றிக்கொண்டு உட்புறம் முழுக்கத் தடவுங்கள். வெறும் விரலால் தடவினால் விரல் கிழியும். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே முனை இருக்கும். உள்ளிருந்து வெளியே தள்ளி எடுங்கள். அப்புறம் உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காய்ந்து கையில் ஒட்டாத பதம் வந்த பிறகு ஒட்டுப் போடுங்கள். ஈரத்திலேயே ஒட்டினால் நிற்காது. ஒரு நாளுக்கு ஒரு பஞ்சர் என்று கணக்கு வைத்துக்கொண்டு கிளம்பினால் மனது கஷ்டப்படாது.

நிழலில் வண்டியை நிறுத்தும் முன் அது என்ன மரம் என்று பாருங்கள். வேம்பும் புளியும் நல்லது. கருவேல நிழலில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனால் திரும்பி வரும்போது இரண்டு சக்கரமும் தரையோடு கிடக்கும்.

வால்வு பற்றி ஒரு வார்த்தை. ஊர் சைக்கிள் கடைப் பம்பு பழைய வால்வு ட்யூப் வண்டிகளுக்கானது. மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற தடித்த வால்வு என்றால் பெட்ரோல் பங்கிலும் டூவீலர் பஞ்சர் கடையிலும் காற்று அடித்துக்கொள்ளலாம். விலை உயர்ந்த வண்டிகளில் வரும் ஒல்லி வால்வுக்கு வழியில் எங்கும் பம்பு கிடைக்காது, சொந்தப் பம்பு கட்டாயம். ட்யூப் இரண்டு, ஒட்டு, டயர் லீவர், பிரேக் கட்டை ஒரு ஜோடி, சங்கிலி எண்ணெய். இதற்கு மேல் கருவிப் பெட்டியைச் சுமக்காதீர்கள். ரிம் பெண்டு எடுக்கத் தெரிந்த பெரியவர்கள் கீரனூரிலும் அன்னவாசலிலும் திருமயத்திலும் இன்னும் கடை வைத்திருக்கிறார்கள்.

துணி இரண்டு செட், ஒரு துண்டு, தொப்பி, ஹெல்மெட், முன் பின் விளக்கு. விளக்கு அவசரத்துக்குத்தான், இருட்டியபின் ஓட்டாதீர்கள். தண்ணீர் மூன்று லிட்டர், உப்பு-சர்க்கரைக் கரைசல் பாக்கெட் நான்கு. பகல் 11 முதல் 3:30 வரை ஓட்டக் கூடாது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். அது கோயில் நடை சாத்தியிருக்கும் நேரமும்கூட. கழிப்பறைக்குப் பெட்ரோல் பங்கையும் பேருந்து நிலையத்தையும் நம்ப வேண்டும். பெண்கள் காலைக் கடனைக் கிளம்பும் இடத்திலேயே முடித்துக்கொண்டு வருவது நல்லது. வழியில் வீடு தட்டிக் கேட்டால் மறுப்பவர்கள் குறைவு.

நாய் துரத்தினால் வேகமாக மிதிக்கத் தோன்றும். இறங்கி, வண்டியை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் வைத்துத் தள்ளிக்கொண்டு நடங்கள். பத்தடி நடந்ததும் அதற்கு ஆர்வம் போய்விடும்.

வந்து சேர்வது

திருச்சி–காரைக்குடி ரயில் பாதை இந்த வழியை ஒட்டியே ஓடுகிறது. கீரனூர், புதுக்கோட்டை, நமணசமுத்திரம், திருமயம், செட்டிநாடு என்று நிலையங்கள் வரிசையாக வரும். உடம்பு முடியவில்லை, வண்டி உடைந்துவிட்டது என்றால் எந்த நாளும் பக்கத்தில் ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. ஆனால் சிறிய நிலையங்களில் ரயில் ஒரு நிமிடம் இரண்டு நிமிடம்தான் நிற்கும். முழு சைக்கிளைப் பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்து அனுப்புவதென்றால் திருச்சிக்கு அனுப்புங்கள். அங்கிருந்து ஒரு சிறு லோடு வண்டி பிடித்துக் கீரனூரில் இறங்கிக்கொள்ளலாம். சக்கரங்களைக் கழற்றிப் பையில் கட்டியிருந்தால் கூட்டமில்லாத பாசஞ்சர் ரயிலிலேயே ஏற்றிவிடலாம். திருச்சியிலிருந்தே ஓட்டி வருகிறேன் என்று நெடுஞ்சாலையில் இறங்காதீர்கள்.

முதல் நாள்: கீரனூர், நார்த்தாமலை, புதுக்கோட்டை

கீரனூரில் இட்லி சாப்பிட்டுவிட்டு நெடுஞ்சாலைக்கு மேற்கே இறங்கிவிடுங்கள். நார்த்தாமலை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஒன்பது மணிக்குள் மலையடியில் இருக்க வேண்டும், ஏனென்றால் ஏற வேண்டியது வெறும் பாறை. பத்தரைக்கு மேல் அது தோசைக்கல்.

நார்த்தாமலை என்பது நகரத்தார் மலை என்ற பெயரின் திரிபு. இடைக்காலத்தில் வணிகக் குழுக்கள் செழித்த ஊர். மேலமலையில் சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு ஏறினால் விஜயாலய சோழீச்சுரம். பெயரில் சோழன் இருந்தாலும் கட்டியவர் முத்தரையர் குலத்து இளங்கோவதியரையர் எனப்படும் சாத்தன் பூதி. 9ஆம் நூற்றாண்டு. வாயிற்காவலர் சிலையின் அடியில் உள்ள கல்வெட்டு, இவர் எடுத்த கற்றளி (கற்கோயில்) மழையில் இடிந்து போனதையும், மல்லன் விடுமன் என்பவர் அதைப் புதுப்பித்ததையும் சொல்கிறது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய பழுதுபார்ப்புக் கணக்கு. கோயில் மேற்கு நோக்கியது. கருவறை வட்டம், அதைச் சுற்றிய சுவர் சதுரம். இடையில் உள்ள இடுக்கில் ஒருமுறை நடந்து பாருங்கள்.

எதிரே பாறையில் குடைந்த இரண்டு குகைகள். சின்னது பழியிலி ஈச்சுரம். பெரியதில் ஒரே அச்சில் வார்த்தாற்போல் பன்னிரண்டு திருமால் உருவங்கள் சுவரில் நிற்கின்றன. பதினெண்பூமி விண்ணகரம் என்று அதற்குப் பெயர், அதுவும் வணிகர் தொடர்புதான். ஆனாலும் ஊரார் சமணர் குடகு என்றே சொல்வார்கள். மலைக்கோயில்களுக்கு ஆள் வருவது குறைவு. ஊருக்குள் இருக்கும் முத்துமாரியம்மன் கோயிலுக்குத்தான் கூட்டம். பங்குனித் திருவிழா நாட்களில் இந்தப் பக்கம் சைக்கிளை நினைக்கவே வேண்டாம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்றரைக்குக் கிளம்பினால் ஊர்வழியே புதுக்கோட்டைக்கு இருட்டுவதற்குள் வந்துவிடலாம். சுற்றுவழியில் இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் முடியும். வழியில் பெரிய கண்மாய் எதிலாவது, தண்ணீருக்குள் இரண்டு கல் தூண்கள் ஒரு குறுக்குக் கல்லோடு நின்றால் வண்டியை நிறுத்துங்கள். அதுதான் குமிழித் தூம்பு. தூண்களுக்கு அடியில் கல் தொட்டி, அதன் மேல்மூடியில் ஒரு துளை. துளையை அடைத்த கல்லைத் தூக்கினால் தண்ணீர் கரைக்கு அடியில் உள்ள கால்வாய் வழியே வயலுக்குப் போகும். மேலே இருப்பது நீரோடித் துளை, தரையோரம் இருப்பவை சேறோடித் துளைகள். தண்ணீர் பாயும்போதே அடியில் படிந்த வண்டலும் இழுபட்டு வெளியேறிவிடும், தூர் சேருவது குறையும். சில தூண்களில் யார் செய்து வைத்தது என்று பெயரே வெட்டியிருக்கும். கோயிலுக்கு நிற்கிறவர்கள் இதற்கும் நிற்க வேண்டும் என்பது என் கட்சி.

புதுக்கோட்டையில் இரண்டு இரவு தங்குவது வசதி. பேருந்து நிலையத்தைச் சுற்றி லாட்ஜ்கள் உண்டு. அறை பேசும் முன் "சைக்கிளை உள்ளே வைக்கலாமா" என்று கேட்டுவிடுங்கள். ஒரு இடத்தில் இரவு பத்து மணிக்கு வெளியே எடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

இரண்டாம் நாள்: சித்தன்னவாசல், குடுமியான்மலை

பையை அறையில் போட்டுவிட்டுத் தண்ணீரும் பஞ்சர் சாமானும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். போக வர 45 கிலோமீட்டர் வரும்.

சித்தன்னவாசலில் பார்க்க வேண்டியவை இரண்டு, இரண்டும் மலையின் வெவ்வேறு பக்கம். முதலில் ஏழடிப்பட்டம். கிழக்குச் சரிவில் பாறை விளிம்பையொட்டிப் போனால் ஒரு குகை, அதில் வழவழவென்று தேய்த்த பதினேழு கற்படுக்கைகள். தலையணை வைத்தாற்போல் ஒரு பக்கம் உயர்ந்திருக்கும். பெரிய படுக்கையில் தமிழ் பிராமி எழுத்து. சமண முனிவர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே இருந்திருக்கிறார்கள். காலை வெயில் நேராக அடிக்கும் இடம், ஆகவே இதை முதலில் முடியுங்கள்.

அப்புறம் அறிவர் கோயில். மதுரையைச் சேர்ந்த இளங்கௌதமன் என்ற ஆசிரியர் 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில் இதைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு. அண்ணாந்து பாருங்கள்: கூரை முழுக்கத் தாமரைக்குளம். மீன், வாத்து, எருமை, யானை, நடுவே பூப்பறிக்கும் மனிதர்கள். நிறைய உதிர்ந்துவிட்டது. உடனே எதுவும் தெரியாது. ஐந்து நிமிடம் கண் பழக விட்டால் ஒரு மீன் தெரியும், அப்புறம் குளம் முழுக்கத் தெரிய ஆரம்பிக்கும். பிளாஷ் போடாதீர்கள். உள்ளறையில் நின்று மெல்ல முனகினால் சுவர் திருப்பி முனகும், காவலரே செய்து காட்டுவார்.

திரும்பிச் சாலைக்கு வரும்போது காலையில் பார்த்த கண்மாய்களை இன்னொரு முறை பாருங்கள். அல்லிக் கொடியும் மூழ்கி எழும் எருமையும் அங்கேயும் இருக்கும்.

அன்னவாசலில் சாப்பாடு. குடுமியான்மலைக்கு அங்கிருந்து எட்டு கிலோமீட்டர் போல வரும். நடை திறக்கும் நான்கு மணிக்குப் போய்ச் சேரும்படி கிளம்புங்கள். காதலிக்குச் சூட்டிய பூவைச் சாமிக்குச் சாத்திவிட்ட அர்ச்சகர், பிரசாதத்தில் முடி இருப்பதை அரசர் கண்டுபிடித்ததும் "சாமிக்கே குடுமி உண்டு" என்று சமாளித்ததாகவும், சாமியும் குடுமி முளைக்கவைத்து அவரைக் காப்பாற்றியதாகவும் தலக்கதை. சிகாநாதர் என்ற பெயர் அப்படி வந்தது. மண்டபத் தூண் சிற்பங்களுக்கு ஒரு மணி நேரமாவது வேண்டும். குன்றைக் குடைந்த மேலைக்கோயிலுக்குப் பக்கத்துப் பாறையில்தான் புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு. கிரந்த எழுத்தில், ஏழு பகுதிகளாக, வரிசை வரிசையாகச் சுரங்கள். ருத்ராசாரியரின் மாணவனான ஒரு அரசன் வெட்டியது என்று அதுவே சொல்கிறது. அந்த அரசன் மகேந்திரவர்ம பல்லவன்தான் என்பாரும் உண்டு, மறுப்பாரும் உண்டு. கடைசியில் தமிழில் ஒரு வரி: "எட்டிற்கும் ஏழிற்கும் இவையுரிய." கம்பிக் கதவு பூட்டியிருந்தால் கோயிலில் கேட்டால் திறந்து விடுவார்கள்.

இங்கே நேரத்தை மறந்துவிடுவது சுலபம். ஐந்து மணிக்குக் கிளம்பாவிட்டால் திரும்பும் வழியில் இருட்டும். கோடையில் வந்தவர்கள் இந்த நாளை இரண்டாகப் பிரித்துக்கொள்வது உசிதம்.

மூன்றாம் நாள்: திருமயம் வழியாகக் கானாடுகாத்தான்

புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்து அரசு அருங்காட்சியகம் பார்க்க நினைப்பவர்கள் ஒரு காலைப்பொழுதை இங்கே செலவழிக்கலாம், வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்றவர்கள் ஆறு மணிக்கே கிளம்பிக் கவிநாடு கண்மாயைப் பார்த்துக்கொண்டு தெற்கே திரும்புங்கள். மாவட்டத்தின் பெரிய கண்மாய்களில் ஒன்று. நிரம்பியிருந்தால் அக்கரை தெரியாது.

திருமயம் 20 கிலோமீட்டர். இந்த நாளில் மட்டும் எங்கேனும் கொஞ்ச தூரம் நெடுஞ்சாலையைத் தொட வேண்டியிருக்கும், அதைக் காலை ஏழு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். நமணசமுத்திரத்தில் அய்யனார் கோயில். பாதையின் இரு பக்கமும் சுடுமண் குதிரைகள் அணிவகுத்து நிற்கும். புதியவை நிமிர்ந்து நிற்க, பழையவை காதும் காலும் உதிர்ந்து மண்ணாகிக்கொண்டிருக்கும். உடைந்ததை யாரும் அகற்றுவதில்லை. செருப்பை வெளியே விடுங்கள். கோயில்காடுகளில் சுள்ளிகூட எடுக்க மாட்டார்கள், சில இடங்களில் பெண்களை உள்ளே விடுவதில்லை. உள்ளே போகும் முன் யாரையாவது கேட்டுக்கொள்வது மரியாதை.

திருமயம் கோட்டை 1687இல் இராமநாதபுரம் சேதுபதி கட்டியது. ஒரே பாறையை வளைத்துக் கட்டிய மதில், மேலே பீரங்கி, நடுவழியில் பாறையில் குடைந்த ஒரு சிவலிங்கக் குகை. அடிவாரத்தில் சத்தியகிரீசுவரரும் சத்தியமூர்த்திப் பெருமாளும் பக்கத்துப் பக்கத்தில் குடைவரைகளாக இருக்கிறார்கள். பெருமாள் பள்ளிகொண்ட நீளம் பார்த்தால்தான் நம்ப முடியும். பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் பெயர் கொடுத்த தீரர் சத்தியமூர்த்தி பிறந்த ஊரும் இதுதான்.

மாலையில் கானாடுகாத்தான், பன்னிரண்டு கிலோமீட்டர் போல. திருமயத்தைத் தாண்டியதும் ஊர்களின் முகமே மாறும். தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடும். ஒரு தெருவில் முகப்பு வைத்த வீடு பின்தெருவில் போய் முடியும். ஊர் நடுவே படிக்கட்டு கட்டிய ஊருணி. குடிநீர் ஊருணி என்றால் செருப்போடு இறங்கவோ கால் கழுவவோ கூடாது. பலகை இருக்காது, ஆனால் தவறு செய்தால் சொல்வதற்கு ஒரு ஆத்தா கட்டாயம் இருப்பார். பழைய வீடுகளை விடுதியாக்கியவை இங்கே உண்டு, வாடகை கொஞ்சம் கடிக்கும். கட்டுப்படியாகாதவர்கள் காரைக்குடிக்கே போய்விடலாம், இன்னும் பதினைந்து கிலோமீட்டர்.

நான்காம் நாள்: ஆத்தங்குடி, காரைக்குடி

தூரம் குறைவு. ஆகவே கானாடுகாத்தான் தெருக்களில் விடிகாலையில் ஒரு மணி நேரம் சும்மா சுற்றுங்கள். ஆள் அரவமே இருக்காது. பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும், சொந்தக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். பர்மாத் தேக்குத் தூண்களைத் திண்ணையிலிருந்தே பார்க்கலாம்.

ஆத்தங்குடிக்கு ஊர்ச் சாலையில் பத்து கிலோமீட்டருக்குள்தான். இங்கே கல் போடும் பட்டறைக்குள் அனுமதி கேட்டு உட்காருங்கள். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டம். அதற்குள் பூ வடிவத் தகட்டு அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு நிறக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சை மெல்லத் தூக்கினால் நிறங்கள் ஒன்றோடு ஒன்று கலக்காமல் நிற்கும். மேலே உலர்ந்த மணல்-சிமெண்ட் தூவி, ஈரக் கலவை போட்டு மட்டம் தட்டுவார்கள். காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் சில நாட்கள் ஊறும். கண்ணாடியைப் பிரிக்கும்போது அதன் வழவழப்பு கல்லுக்கு வந்திருக்கும். சூளை கிடையாது. ஆசைப்பட்டு நான்கு கல் வாங்கிக் கேரியரில் கட்டாதீர்கள். நான் கட்டினேன், காரைக்குடி வருவதற்குள் ஒன்று இரண்டாகிவிட்டது.

காரைக்குடியில் வெள்ளைப் பணியாரமும் கவுனி அரிசியும் சாப்பிட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு ரயில் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே போங்கள். முழு வண்டியை பார்சலில் போடுவதென்றால் அடையாள அட்டை நகல் வேண்டும். பெடலைக் கழற்றி, ஹேண்டிலைத் திருப்பி, கியரின் மேல் சாக்கு சுற்றிக் கொடுங்கள். பெயரும் சேரும் ஊரும் எழுதிய அட்டையை இரண்டு இடத்தில் கட்டுங்கள், ஒன்று வழியில் கிழிந்துபோகும். டயரில் காற்றைப் பாதியாக இறக்கிவிடலாம். பம்பு, விளக்கு, மணி மூன்றையும் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.